கதவின் மேல் படிந்த காலம்

மூன்று மாதம் முன்னால் எங்கள் வீட்டுப் பின் அறைக் கதவுக்கு நானே வெள்ளை எனாமல் அடித்தேன். ஆள் வைத்தால் கூலி கட்டாது, அதனால்தான். ஒரே மாதத்தில் கைப்பிடியைச் சுற்றி நகம் பட்ட இடமெல்லாம் தோல் தோலாக உரிந்து வந்திருச்சு. அடியில் தாத்தா காலத்து வார்னிஷ் அப்படியே பளபளன்னு இருக்கிறது. நடு அறைக் கதவையும் வெள்ளையாக்கும் திட்டம் இருந்தது. அம்மாவுக்கு அதில் இஷ்டமில்லை. சரி, இந்தப் பழைய பூச்சு என்னதான் என்று தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

நாம் பொத்தாம்பொதுவாக வார்னிஷ் என்று சொல்வதில் குறைந்தது இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று அரக்கு. புரசு, இலந்தை, பூவந்தி இன மரங்களில் அப்பும் சின்னப் பூச்சியின் பிசின். அதைத் தகடாக உருக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் இது பரவியபோது 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயராச்சு. பெயர் பிரெஞ்சு, சரக்கு பெரும்பாலும் நம் சோட்டா நாக்பூர் காட்டிலிருந்து போனது! ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற ஊரில் 1924இலேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. பழைய கிராமபோன் தட்டும் இதே அரக்கில்தான் ஆனது. 1942இல் போருக்கு அரக்கு வேண்டும் என்று அமெரிக்க அரசு இசைத்தட்டுக் கம்பெனிகளுக்குப் பங்கைக் குறைத்தது.

இன்னொன்று எண்ணெய் வார்னிஷ். ஆளிவிதை எண்ணெயில் பிசினைக் காய்ச்சி எடுப்பது. சீக்கிரம் காய அந்தக் காலத்தில் மிருதாரசிங்கி சேர்த்துக் காய்ச்சும் வழக்கம் உண்டு. மிருதாரசிங்கி என்றால் ஈய ஆக்சைடு. இதைப் படித்ததும்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது, ஏனென்றால் உப்புத்தாளை வைத்துச் சுரண்டி அறை முழுக்கத் தூசி கிளப்பலாம் என்றுதான் இருந்தேன். வீட்டில் தங்கச்சியின் கைக்குழந்தை தவழ்கிறது.

ஈயத்தின் ஆபத்து புதுச் செய்தி இல்லை. கட்டடங்களின் உட்புற வேலையில் வெள்ளை ஈயம் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே உடன்படிக்கை போட்டது, சில விதிவிலக்குகளோடு. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடுத்தது 1978. இந்தியாவில் 90 பிபிஎம் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். 1921க்கும் 2017க்கும் நடுவில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல்! பழைய வீட்டுப் பூச்சு எதையும் சோதிக்காத வரை ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி.

இரண்டு கதவிலும் மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் ஒற்றிப் பார்த்தேன். நடு அறைக் கதவு பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அரக்கு! பின் அறைக் கதவில் பெயின்ட் உரிந்த இடத்தில் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை, அது எண்ணெய் வார்னிஷ். உரிந்ததன் காரணமும் தெரிந்தது. பளபளப்பைச் சாகடிக்காமல், நாற்பது வருஷக் கைப்பிசுக்கைக் கழுவாமல் மேலேயே அடித்திருக்கிறேன். பெயின்ட்டுக்குப் பிடிமானமே இல்லை.

அந்தக் கதவைக் கழற்றிப் பின்வாசலில் சாக்கு விரித்துப் போட்டேன். சோப்புத் தண்ணியால் கழுவி, வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். ஈரத்தில் தூசி பறக்காது. முகமூடி போட்டுக்கொண்டேன், வழித்த சேற்றைப் பையில் கட்டினேன். உலர்ந்தபின் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கை, அதன்மேல் எனாமல். அரக்கு பழைய பூச்சையும் பிடிக்கும், புதுப் பெயின்ட்டையும் தாங்கும், அடியிலிருந்து பழுப்பு நிறம் மேலே கசியாமலும் தடுக்கும். பெயின்ட் பாதி டப்பா ஏற்கெனவே மிச்சம் இருந்ததால் செலவு பேப்பருக்கும் அரக்குக்கும் மட்டும்தான்.

நடு அறைக் கதவுக்குப் பெயின்ட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். புது அரக்கு பழைய அரக்கை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும், சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. பழைய பருத்திப் புடவைத் துணியில் பொட்டலம் கட்டி மூன்று சாயங்காலம் தேய்த்தேன். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அந்தக் கீலுக்குப் பக்கத்துல விட்டுட்ட பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.