மூவறை வீடும் ஐந்தாண்டுத் தவணையும்



1964ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதுவரை வாடகைக்கு மட்டுமே விடப்பட்டு வந்த அடுக்குமாடி வீடுகளைக் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இனி விலைக்கும் தரப்போவதாக அது கூறிற்று. ஈரறை வீடு 4,900 வெள்ளி. மூவறை வீடு 6,200 வெள்ளி. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும். எஞ்சியதை 5, 10 அல்லது 15 ஆண்டுகளில் மாதத் தவணையாகச் செலுத்தலாம். வீடு 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியதாகும்.

இன்று இந்த விலைகளைக் கேட்பவர்கள், மக்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கியிருப்பார்கள் என்றே எண்ணுவார்கள். அப்படி நடக்கவில்லை. முதல் நான்கு ஆண்டுகளில் வாங்கியவர்கள் சிலரே. அதற்கான காரணங்களை ஆராய்ந்தால், கடனைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் அக்கால மக்கள் கொண்டிருந்த எண்ணங்கள் தெளிவாகும்.

முதலில் அன்றைய குடியிருப்பு நிலையைச் சற்று நினைவுகூர்வோம். பிரிட்டிஷ் ஆட்சியில் 1927இல் அமைக்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, தன் முப்பதாண்டுக் காலத்தில் கட்டிய வீடுகள் பெருகிவந்த மக்கள் தொகைக்குப் போதவில்லை. கடைவீடுகளின் மாடிகளில் பலகைத் தடுப்பு வைத்த அறைகளிலும், கம்பங்களில் அத்தாப்புக் கூரையின் கீழும் பெரும்பாலோர் வாழ்ந்தனர். 1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. திரு. லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். மறு ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ, ஏறத்தாழ 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. கழகத்தின் கட்டுமானப் பணி அதன்பின் மேலும் விரைவுபட்டது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

வீடு கட்டுவது அரசாங்கத்தின் வேலை. வாங்குவது குடும்பத்தின் வேலை அல்லவா? அதற்குக் கடன் வேண்டும். கடன் என்றதும் நம்மவர் நினைவுக்கு வந்தது மார்க்கெட் ஸ்திரீட்டும் அங்கிருந்த நகரத்தார் கிட்டங்கிகளும்தான். நிலப் பத்திரத்தை அடமானமாக வைத்துக் கடன் வாங்கும் வழக்கம் இந்நாட்டு வணிகரிடையே நெடுங்காலமாக இருந்தது. அத்தகைய கடனில் பெரும்பாலும் வட்டியை மட்டும் கட்டிவந்து, முதலைக் கெடு முடியும்போது ஒரே தொகையாகத் திருப்புவார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது முதலைத் திருப்ப இயலாமல் மலாயாவில் பலர் தோட்டங்களை இழந்தார்கள். நிலமே இல்லாத தொழிலாளிக்கு இந்த வழியும் கிடையாது. அவருக்கு அடகுக்கடையும் சீட்டும்தான் துணை.

1964ஆம் ஆண்டின் தவணைக் கடன் இதிலிருந்து வேறுபட்டது. ஒவ்வொரு மாதத் தவணையிலும் வட்டியும் இருக்கும், முதலில் ஒரு சிறு பகுதியும் இருக்கும். இதை ஒரு கணக்கால் விளக்கலாம். நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நலம். மூவறை வீட்டிற்கு முன்பணம் 1,240 வெள்ளி போக, கடன் 4,960 வெள்ளி. வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம் என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 42 வெள்ளி. முதல் மாதம் கட்டும் அந்த 42 வெள்ளியில் 24 வெள்ளி 80 காசு வட்டிக்கே போய்விடும். கடன் குறைவது வெறும் 17 வெள்ளி! இப்படியே கட்டிவந்தால் பதினைந்து ஆண்டுகளில் வட்டி மட்டும் 2,570 வெள்ளிக்கு மேல் ஆகும். அதே கடனை ஐந்தாண்டில் தீர்ப்பவர் மாதம் சுமார் 96 வெள்ளி கட்ட வேண்டும். ஆனால் அவர் செலுத்தும் மொத்த வட்டி 800 வெள்ளியைத் தாண்டாது. ஏறக்குறைய 1,780 வெள்ளி மிச்சம். முன்பணத்தைவிடப் பெரிய தொகை அது.

ஆகவே விரைந்து கடனடைப்பது என்பது, வட்டி ஊறுவதற்குக் காலம் கொடாமலிருப்பதே. முதல் சில ஆண்டுகளில் கட்டும் மேலதிகப் பணத்திற்குத்தான் மதிப்பு அதிகம். பதினாலாவது ஆண்டில் கூடுதலாகக் கட்டுவதால் பெரிய நன்மை இல்லை. இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரேனும் கற்பித்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் மாதம் 96 வெள்ளிக்கு எங்கே போவது? மாத வருமானம் 300 வெள்ளி உள்ள குடும்பம் என்று கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு தவணைக்கே போய்விடும். மீதம் 204 வெள்ளியில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பேருந்துக் கட்டணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அத்தகைய வீட்டில் கடைச் சாப்பாட்டுக்கு இடமில்லை. தூக்குச்சட்டியில் சோறு வேலைக்குப் போகும். தீபாவளிக்கு மட்டும் புதுத்துணி. தொலைக்காட்சி 1963இல் வந்துவிட்டாலும், அதைப் பார்க்க அண்டை வீட்டுக்கோ சமூக நிலையத்திற்கோ போவார்கள். இவ்வளவுக்கும் வீட்டுத் தலைவியின் கைதான் காரணம். சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது வருமானம் ஈட்டியவரைப் போற்றுகிறோம். மிச்சம் பிடித்தவரை மறந்துவிடுகிறோம்.

தவணையைவிடப் பெரிய தடை முன்பணமே. 300 வெள்ளி ஊதியத்தில் 1,240 வெள்ளி என்பது நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். தாலி நீங்கலான நகைகளை விற்க வேண்டும். இல்லையேல் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுக்க வேண்டும்.

இன்னொரு தடையும் இருந்தது. அது பணத்தைச் சார்ந்ததன்று. வீடு வாங்குவோர் குடிமக்களாக இருத்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இங்கு நீண்டகாலம் வாழ்ந்த இந்தியரும் சீனரும் குடியுரிமை பெற வழி திறந்திருந்தது. ஆயினும் தமிழ்நாட்டில் மனைவி மக்களை விட்டு வந்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த தொழிலாளி இரண்டு வீட்டுக்குச் சிக்கனம் பிடிக்க முடியாது. ஊரில் அடமானத்தில் கிடக்கும் நிலத்தை மீட்பதா, இங்கே வீட்டுக்குத் தவணை கட்டுவதா? தாம் எந்த மண்ணில் முதுமையைக் கழிக்கப் போகிறோம் என்ற கேள்விதான் இந்த உருவில் அவர் முன் நின்றது.

இந்நிலையை மாற்றியது 1968. மத்திய சேமநிதி 1955 ஜூலையில் தொடங்கப்பட்டது. தொழிலாளியும் முதலாளியும் ஆளுக்கு ஊதியத்தில் 5 சதவீதம் செலுத்தினர். அது 55 வயதில் கைக்கு வரும் பணம். 1968 செப்டம்பரில், அந்த நிதியைக் கொண்டே கழக வீட்டின் முன்பணத்தையும் மாதத் தவணையையும் செலுத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. சந்தாவும் ஆளுக்கு 6.5 சதவீதமாக உயர்ந்தது. நமது 300 வெள்ளிக்காரருக்கு மாதம் 39 வெள்ளி சேரும்; 42 வெள்ளித் தவணைக்கு மூன்று வெள்ளிதான் குறை. 1971இல் சந்தா ஆளுக்கு 10 சதவீதமானபோது 60 வெள்ளி சேர்ந்தது. கையில் வாங்கும் சம்பளத்தைத் தொடாமலே வீடு கிடைத்தது. விண்ணப்பங்கள் குவிந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1964இல் வாங்கியவர் தம் வாயையும் வயிற்றையும் கட்டிக் கடனை அடைத்தார். 1968க்குப் பின் வாங்கியவருக்காகச் சட்டம் சிக்கனம் பிடித்தது. பின்னது எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணம் முதுமைக்காக வைத்த பணம். வீட்டுக்குப் போன ஒவ்வொரு வெள்ளியும் முதுமைக் கணக்கிலிருந்து குறைந்த வெள்ளிதான். இந்த விவாதம் அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த நம்மவர்களும் மலையாளிகளும் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகச் சந்தித்தனர். பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாக 1968 ஜனவரியில் அறிவித்து, 1971இல் பெரும்பாலும் முடித்தது. வேலை இழந்தோர் கையில் பணிக்கொடை கிடைத்தது. ஊர் திரும்பியோர் பலர். தங்கிவிட்டவர்களுக்கு அத்தொகை வீட்டுக்கு முன்பணமாகப் பயன்படக்கூடியதாக இருந்தது.

அதே 1971இல், வீட்டைக் கழகத்திடமே திருப்பித் தர வேண்டும் என்ற விதி தளர்ந்து, குறித்த காலம் குடியிருந்தபின் வெளிச்சந்தையில் விற்கலாம் என்றாயிற்று. வீடு அன்றுமுதல் விலை ஏறும் சொத்துமாயிற்று. கடனைச் சீக்கிரம் தீர்த்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட, விற்றுப் பெரிய வீட்டுக்குப் பெரிய கடனோடு மாறுவதே அறிவுடைமை என்று எண்ணுவோரும் தோன்றினர்.

சேமநிதிச் சந்தா 1984இல் ஆளுக்கு 25 சதவீதம் வரை ஏறிற்று. அந்த வரவை நம்பிப் பெரிய தவணைகளை ஏற்றுக்கொள்வது இயல்பாகிவிட்டது. 1985இல் பொருளாதாரம் சரிந்தது. 1986 ஏப்ரலில் முதலாளிகளின் பங்கு 25இலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மாதம் 1,000 வெள்ளி ஊதியக்காரருக்கு 500 வெள்ளி சேர்ந்துவந்த கணக்கில் 350 வெள்ளிதான் சேர்ந்தது. சேமநிதி போதாதவர்கள் குறையைக் கைப்பணத்தால் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. 1964இல் மூவறை வீடு வாங்கி ஐந்தாண்டில் அடைத்தவருக்கோ, தவணை தீர்ந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று கழகக் கடனின் வட்டி 2.6 சதவீதம், சேமநிதிச் சாதாரணக் கணக்கு தரும் வட்டி 2.5. வேறுபாடு மிகச் சிறிது. எனவே சேமநிதிப் பணத்தால் கடனை விரைந்தடைப்பதில் பழைய மூவறை வீட்டுக் கணக்கில் கண்ட ஆதாயம் இல்லை. மேலும், வீட்டை விற்கும்போது எடுத்த சேமநிதிப் பணத்தை, அது ஈட்டியிருக்கக்கூடிய வட்டியோடு தம் கணக்கிலேயே திரும்பச் செலுத்த வேண்டும். விற்கும் நாளில்தான் பலருக்கு இந்த விதி நினைவுக்கு வருகிறது.