லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை வரவில்லையா?

2011 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழக அரசு வழங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சிடாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. மதுரை, மேலூர் பக்கம் நம் வீடுகளிலும் அவை உண்டு. வைஃபை வராவிட்டால் பழைய கடைக்குப் போட்டுவிடுகிறோம். பல சமயம் கோளாறு கார்டில் இல்லை, டிரைவரில்தான்.

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -கே' கொடுத்தால் கார்டின் பெயரும் அதற்கான டிரைவரும் தெரியும். டிரைவர் வரியே இல்லையென்றாலோ, 'டிமெசேஜ்' ஃபர்ம்வேர் இல்லை என்றாலோ, போனை யூஎஸ்பியில் இணைத்து நெட் எடுத்து, அந்தக் கார்டுக்குரிய தொகுப்பை நிறுவுங்கள். (டெபியனில் 2023இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருகிறது.)

'மோட்புரோப்' கொடுத்தால் வேலை செய்து, அணைத்துப் போட்டதும் மறுபடி போய்விடுகிறதா? 'இடிசி' அடைவிலுள்ள 'மாட்யூல்ஸ்' கோப்பில் அந்த டிரைவரின் பெயரைத் தனி வரியாகச் சேர்த்துவிட்டால், இன்ஷா அல்லாஹ், தொடங்கும்போதே வைஃபை வந்துவிடும்.