நிலக்கரியின் கதை – 9: மேலே ஊர், கீழே குடைவு

சோழவரத்துக்குக் கிழக்கே, அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் எரிக்கும் கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் போய், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் வந்து இறங்குகிறது. கரியைக் கொடுத்த மண் பிறகு என்ன ஆகிறது என்று இந்தப் பக்கம் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். அதற்கான பதில் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் இருக்கிறது.

இந்தியாவில் முதன்முதலாகக் கரி வெட்டிய இடம் அது. 1774-ல் கிழக்கிந்திய கம்பெனியின் ஜான் சம்னரும் சூட்டோனியஸ் ஹீட்லியும் தாமோதர் ஆற்றங்கரையில் தோண்டினார்கள். 1830-களில் ரவீந்திரநாத்தின் தாத்தா துவாரகாநாத் தாகூரின் கைக்குச் சுரங்கம் வந்தது. 1855-ல் ஹவுராவிலிருந்து ரயில் வந்தபின் கரி பெருந்தொழிலாயிற்று.

வெட்டிய முறை இதுதான். கரிப்படுகைக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பாதை குடைவார்கள். இடையே கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். கூரையைத் தாங்குவது அவைதான். ஆனால் தூணும் கரி, கரி என்றால் காசு. பல முதலாளிகள் கிளம்புமுன் தூண்களையும் செதுக்கி எடுத்தார்கள். மிஞ்சியவை காற்றும் ஈரமும் பட்டு உதிர்ந்து மெலிகின்றன. ஆழம் குறைந்த இடங்களில் கூரைப்பாறை அடுக்கடுக்காக விழ, வெற்றிடம் மேல்நோக்கி ஏறிக்கொண்டே வரும். மழைக்காலத்தில் ஒருநாள் வாசலில் மண் உள்வாங்கும். கைவிட்ட சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர்கூடக் கூரைக்கு ஒரு முட்டுதான். அதை இறைத்துவிட்டால் அந்த முட்டும் போயிற்று.

மருந்து தெரியாததல்ல. ஆற்று மணலை நீரில் கலந்து குழாய் வழியே உள்ளே நிரப்பலாம். 1939-லேயே இதற்கென்று சட்டம் வந்தது. கரிமீது தீர்வை விதித்துப் பணம் திரட்டினார்கள். ஆனால் எங்கே நிரப்புவது? பழைய தனியார் குடைவுகள் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. மண் சரிவதைவிட இதுதான் எனக்குக் கொடுமையாகப் படுகிறது. லாபம் எடுத்தவர்கள், எங்கே வெட்டினோம் என்ற தகவலைக்கூட மேலே குடியிருப்பவர்களுக்கு விட்டுப்போகவில்லை. 1971–73 தேசியமயத்தில் அந்தக் குடைவுகளெல்லாம் அரசின் தலையில் விழுந்தன.

பக்கத்து ஜாரியா கரிவயலில் 1916-ல் பற்றிய நெருப்பும் சேர்ந்துகொண்டது. உள்ளே கரி எரிந்து சாம்பலாக, மேலே நிலம் இறங்குகிறது. அப்போதைய ஆசன்சோல் எம்.பி. ஹராதன் ராய் இதற்காக 1997-ல் உச்ச நீதிமன்றம் போனார். 2009-ல்தான் இரு கரிவயல்களுக்குமாக 9,700 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மறுகுடியமர்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. 2021-ல் அதன் காலம் முடிந்தபோதும் ஏராளமான குடும்பங்கள் ஆபத்தான நிலத்தின் மேலேயே இருந்தன. அந்தத் திட்டத்தில் பெல்காரியாவில் வீடு பெற்ற ஜாரியாக்காரர்கள், அங்கே வேலை இல்லை என்றார்கள். கரி பொறுக்கிப் பிழைத்தவரைக் கரியிலிருந்து தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ‘நகர மறுக்கிறார்கள்’ என்று குறை சொல்வது அநியாயம்.

(அடுத்த வாரம்: 1989, மஹாபீர் சுரங்கம் – இரும்புக் கூண்டில் மேலேறி வந்த 65 பேர்)