ஆடுகளம் யாருக்குரியது?

கெடா மாநிலத்துச் சிடாம் கிரி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களுக்குத் திடல் என்பது வெறும் புல்தரையன்று. விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரஞ்சீவி, பால் வாளி சுமந்து, லயத்துக்குத் திரும்பியவன், கங்காணிக்கும் கிராணிக்கும் கட்டுப்படாத மனிதனாகச் சற்று நேரம் நின்ற இடம் அதுவே. பந்தாட்டமும் அங்கே, பொங்கல் விளையாட்டும் அங்கே. ஆயினும் அத்திடலுக்கும் ஓர் எல்லை இருந்தது. காலிழந்தோரும் கண்ணிழந்தோரும் அவ்வெல்லைக்கு வெளியே, மரநிழலில், பார்ப்பவராகவே அமர்ந்திருந்தனர்.

இவ்வெல்லையை வகுத்தது யார் என்று ஆராயப் புகின், முதற்கண் தோட்ட முறையே நம் முன் நிற்கும். 1907ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி சட்டத்தால் ஏற்படுத்தப்பெற்றது. முதலாளிமார் செலுத்திய வரிப்பணம் கொண்டு ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். உடல் நைந்து உழைக்க இயலாது போனவரைத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பும் கப்பற்செலவும் அந்நிதியினின்றே கொடுக்கப்பட்டது. இரு கைகளும் இரு கால்களும் வேலைக்கு உதவும் வரையில்தான் ஒருவன் ஆள். பின்னர் அவன் செலவுக் கணக்கு.

மற்றொரு காரணம் நம் வீட்டிற்குள்ளேயே இருந்தது. முற்பிறவியிற் செய்த வினை என்று சொல்லிவிட்டால், கேட்பவனுக்கும் ஆறுதல், சொல்பவனுக்கும் வேலையில்லை. இளம்பிள்ளை வாதத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்பதை விஞ்ஞானம் காட்டியது. நம்மவரோ அதனைச் சென்ற பிறவியிலே தேடிக்கொண்டிருந்தனர். அன்னமிட்டோம், இரக்கப்பட்டோம். ஆட அழைத்தோமில்லை.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், நாஜிகளுக்குத் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகெலும்பு முறிந்த படைவீரர்க்கு மருத்துவம் செய்துவந்தார். அத்தகையோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் மாண்டுபோவதே வழக்கமாயிருந்த காலம் அது. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29ஆம் நாளன்றே, அம்மருத்துவமனைப் புல்வெளியில் 14 ஆடவரும் 2 மகளிரும் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினர். அவ்விதையிலிருந்து முளைத்ததே பாராலிம்பிக். 1972இல் ஹைடெல்பர்க் நகரில் நடந்த போட்டியில் மலேசியா முதன்முறை கலந்துகொண்டது. 1965ஆம் ஆண்டுப் போரிற் குண்டடிபட்ட இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பெட்கர், 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றதும் அங்கேதான்.

இவை வெளிநாட்டுச் செய்திகள் என்று தள்ளுவோர்க்குச் சென்னையைக் காட்டுவோம். இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாத மாதவி லதா என்னும் தெலுங்குப் பெண்மணி, அந்நகரில் வங்கித் துறையிற் பணியாற்றினார். உடல்நலத்துக்காக நீரில் இறங்கியவர் நீச்சல் வீராங்கனையாக வளர்ந்தார். தாம் நீந்தியதோடு நில்லாமல், தம் போன்றோர்க்குத் தமிழ்நாட்டில் நீச்சற் சங்கம் கண்டார். 2014இல் இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துக் கூட்டமைப்பை நிறுவினார்.

இவ்வாட்டத்தின் விதி நம் சங்கத் தலைவர்கள் ஊன்றிக் கற்கத்தக்கது. கூடையின் உயரம் எல்லார்க்கும் உள்ள அதே பத்து அடிதான், அதிற் சலுகையில்லை. ஆனால் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடல்நிலைக்கேற்ப 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு; களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டலாகாது. வலியோர் ஐவரை மட்டும் பொறுக்கிக் குழு அமைப்பது இதனால் இயலாது. மிகவும் பாதிக்கப்பட்டவருக்கும் இடமளித்தே தீர வேண்டும். தருமம் என்று அவ்விடத்தைக் கொடுப்பாரில்லை, கணக்கு அவ்வாறு கேட்கிறது.

அதே சென்னையில் மெரினாக் கடலருகே செல்ல வேண்டும் என்று உடற்குறையுடையோர் பல்லாண்டு கேட்டனர். ஆண்டில் ஓரிரு நாள் தற்காலிகப் பாதை போட்டுப் பின் எடுத்துவிடுவர். கடல் என்னவோ ஆண்டு முழுதும் அங்கேயேதான் இருந்தது! 2022 நவம்பரில் 263 மீட்டர் நீள மரப்பாதை நிலையாகத் திறக்கப்பெற்றது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. புயலுக்கு அஞ்சிப் பாதை வேண்டாமென்று விட்டிருந்தால் இழப்பு யாருக்கு?

2016இல் ரியோ நகரில், சேலத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். அதே வாரத்தில் நம் அண்டை மாநிலமாகிய பெர்லிசின் ரிட்சுவான் புசி 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பதக்கம் வந்தபின் மாலையிட யாவரும் முன்வருவர். நாம் கேட்பது பதக்கம் பெறாதவரைப் பற்றி.

மலேசியாவில் 2008இல் நடைமுறைக்கு வந்த உடற்குறையுடையோர் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் மற்றவரோடு சமமாகக் கலந்துகொள்ளும் உரிமையை வழங்கிற்று. வழங்கிய கையோடு, அவர்தம் பாதுகாப்புக்கு ஊறு நேரும் நிலைமை இருப்பின் என்று ஒரு வரம்பும் கட்டிற்று. மீறுவோர்க்குத் தண்டனையும் கூறவில்லை. அவ்வரம்பே நம் உள்ளத்தை உறுத்துகிறது. விழுந்துவிடுவாய், வெயில் ஆகாது, கூட்டத்தில் நெரிபடுவாய் என்று அன்பு மொழியிலேதான் நம் வீடுகளும் அவர்களைத் திண்ணையில் இருத்தின. பந்தாட்டத்திற் கால் முறியாத இளைஞன் எத்தோட்டத்தில் இருந்தான்? அதற்காக எவரும் திடலைப் பூட்டவில்லையே. ஆபத்து எது, தாங்கத்தக்கது எது என்பதை ஆடப்போகிறவரே சொல்லட்டும்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாயின. திடல்கள் சிலவும் அவற்றோடு போயின. எஞ்சியவற்றுட் சிலவற்றின் வாயிலில், மோட்டார் சைக்கிள் புகாதிருக்க நட்ட இரும்புக் குழாய்கள் சக்கர நாற்காலியையும் தடுக்கின்றன. சிடாம் கிரியிலும் சுங்கை பட்டாணியிலும் அடுத்த பொங்கல் விளையாட்டுக்குக் குழு கூடும்பொழுது, பரிசளிப்பு மேடையில் அன்றி அக்குழுவிலேயே உடற்குறையுடையோர் இருவரை அமர்த்துமாறு வேண்டுகிறோம். எந்த ஆட்டம், எந்தத் தரை, வாயில் எத்தனை அடி என்பதை அவர்களே முதலிற் சொல்லட்டும். பந்தற்காரருக்கு முன்பணம் அதன்பின் கொடுக்கலாம்.