மஞ்சட்கரு முதல் அறுவை மேசை வரை: குடலின் கருவளர்ச்சியும் பிறவிக் குறைபாடுகளும் பற்றிய அறிவின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மனிதச் செரிமான மண்டலத்தின் கருவளர்ச்சி பற்றிய அறிவும் அதன் பிறவிக் குறைபாடுகள் பற்றிய அறிவும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் கோழிக்கருவின் குடலை முன்வைத்து எழுந்த ஒரு விவாதம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறவிக் குறைபாட்டிற்கான விளக்கமாகவும், இருபதாம் நூற்றாண்டில் பச்சிளங் குழந்தைகளைக் காக்கும் அறுவை முறையாகவும் மாறியது. 1758 முதல் 1955 வரையிலான இம்மாற்றத்தின் முதன்மைக் கட்டங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கருவியல், நடுக்குடல், குடற்சுழற்சி, மெக்கெல் பிதுக்கம், பிறவிக் குறைபாடு, குழந்தை அறுவை மருத்துவம்.

முன்னுரை

பிறந்து சில நாள்களே ஆன குழந்தை பச்சை நிறத்தில் வாந்தியெடுத்தால், இன்றைய மருத்துவர் குடல் முறுக்கிக்கொண்டிருக்கக் கூடும் என ஐயுற்று விரைந்து செயற்படுவார். சில மணிநேரத் தாமதமும் குடலின் பெரும்பகுதி அழுகிப்போகக் காரணமாகலாம். குழந்தையின் வயிற்றைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன நிகழ்ந்திருக்கும் என்று அவரால் ஊகிக்க முடிகிறது. கருவின் ஆறாம் வாரத்திற்கும் பன்னிரண்டாம் வாரத்திற்கும் இடையில் குடல் எவ்வாறு வளர வேண்டும் என்பதை அவர் அறிந்திருப்பதே இதற்குக் காரணமாகும்.

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. குறைபாட்டுடன் பிறந்த குழந்தையைத் தீக்குறியாகக் கருதும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. கருவுற்ற தாய் கண்ட காட்சியும் கொண்ட அச்சமும் குழந்தையின் உடலில் பதிந்துவிடும் என்ற நம்பிக்கை பதினெட்டாம் நூற்றாண்டிலும் கற்றோரிடையே வாழ்ந்தது. பழி பெரும்பாலும் தாயின்மீதே விழுந்தது. இந்நிலை மாறுவதற்கு, உடலுறுப்புகள் படிப்படியாக உருவாகின்றன என்பது முதலில் நிறுவப்பட வேண்டியிருந்தது. அதற்கான களமாகக் குடல் அமைந்தது.

ஹாலரின் வாதம்

உயிரியின் உறுப்புகள் யாவும் கருவில் தொடக்கத்திலேயே நுண்ணுருவில் அமைந்துள்ளன. வளர்ச்சி என்பது அவை பெரிதாவது மட்டுமே என்பது முன்னுருக் கொள்கை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் 1758இல் வெளியிட்ட கோழிக்கரு ஆய்வில் இக்கொள்கைக்கு ஆதரவாக ஒரு சான்றை முன்வைத்தார். மஞ்சட்கருவைச் சூழ்ந்த சவ்வு குஞ்சின் சிறுகுடலோடு இடைவெளியின்றித் தொடர்கிறது. மஞ்சட்கருவோ கருவுறாத முட்டையிலும் உள்ளது. எனவே அதனோடு தொடர்ச்சியுடைய குடலும், குடலையுடைய குஞ்சும், கருவுறுதலுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மஞ்சட்கருவும் குடலும் இணைந்திருப்பதாக அவர் கண்டது மெய்யே. அதிலிருந்து அவர் பெற்ற முடிபே பிழையானது.

வொல்ஃபின் குடலாய்வு

பெர்லினில் பிறந்த காஸ்பர் ஃபிரீட்ரிக் வொல்ஃப் 1759இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்னுருக் கொள்கையை எதிர்த்தார். உறுப்புகள் உருவமற்ற பொருளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன என்பது அவர் நிலைப்பாடு. ஹாலர் இதனை ஏற்கவில்லை. 1767இல் ரஷ்யாவின் புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணியேற்ற வொல்ஃப், ஹாலர் சான்றாகக் காட்டிய குடலையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். இவ்வாய்வு 1768-69 காலப்பகுதிக்குரிய கழக வெளியீடுகளில் இலத்தீனில் வெளிவந்தது.

அடைகாக்கும் நாள்களின் வரிசைப்படி முட்டைகளைத் திறந்து நோக்கிய வொல்ஃப், தொடக்க நாள்களில் குடல் என்ற குழாயே இல்லை எனக் கண்டார். இருந்தது தட்டையான ஒரு படலம் மட்டுமே. அப்படலத்தின் விளிம்புகள் மடிந்து ஓடைபோல் குழிந்து, பின்னர் முன்னும் பின்னுமிருந்து மூடிக் குழாயாகின்றன. இறுதியில் நடுப்பகுதி மட்டும் மஞ்சட்கருவை நோக்கித் திறந்திருக்கிறது. ஹாலர் கண்ட தொடர்ச்சி இவ்வாறு உண்டானதே. தட்டையான படலம் குழாயாவதைக் கண்ணாரக் காட்டிய பின், குடல் நுண்குழாயாக முன்பே இருந்தது என்று கூறுவதற்கு இடமில்லை.

எனினும் இலத்தீனில் வெளிவந்த இவ்வாய்வு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பரவலான கவனத்தைப் பெறவில்லை.

மெக்கெல்: நின்றுபோன படிநிலை

வொல்ஃபின் குடலாய்வை 1812இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் ஹாலேயின் உடற்கூற்றியலாளர் யோஹான் ஃபிரீட்ரிக் மெக்கெல். அவருக்கு இம்மொழிபெயர்ப்பு பழைய நூலொன்றை மீட்டெடுக்கும் பணி மட்டுமன்று. அவரது ஆய்வுச் சிக்கலோடு அது நேரடித் தொடர்புடையது.

மனிதரின் பின்சிறுகுடலில் சில வேளைகளில் விரல் போன்ற ஒரு பிதுக்கம் காணப்படுவதை 1598இலேயே ஃபாப்ரிசியஸ் ஹில்டானஸ் பதிவு செய்திருந்தார். அது எதனால் உண்டாகிறது என்பது விளங்காதிருந்தது. 1809இல் மெக்கெல் அதற்கு விளக்கமளித்தார். பிதுக்கம் எப்போதும் சிறுகுடலின் கடைப்பகுதியிலேயே அமைகிறது. குடல்தாங்கிச் சவ்வு இணையும் விளிம்புக்கு எதிர்ப்புறத்தில் உள்ளது. குடற்சுவரின் எல்லாப் படலங்களும் அதில் உள்ளன. சில உடல்களில் அதிலிருந்து ஒரு நார் தொப்புள் வரை செல்கிறது. இவை யாவும் ஒரே விடையைச் சுட்டின. கருவில் குடலையும் மஞ்சட்கருப் பையையும் இணைத்த குழாய் முற்றிலும் மறையாமல் எஞ்சியதே இப்பிதுக்கம்.

ஹாலர் முன்னுருக் கொள்கைக்குச் சான்றாகக் காட்டிய அதே இணைப்பு, மெக்கெலிடம் படிப்படியான வளர்ச்சியின் எச்சமாகப் பொருள் மாறியது. இன்று மெக்கெல் பிதுக்கம் எனப்படும் இவ்வமைப்பு ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடம் உள்ளது. பெரும்பாலோர்க்கு அது தீங்கு செய்வதில்லை. சிலரிடம் அதனுள் இரைப்பையின் உட்படலத் திசு அமைந்து, அமிலம் சுரந்து, குருதிப்போக்கை விளைவிக்கிறது.

இவ்விளக்கத்தின் சிறப்பு ஒரு பிதுக்கத்தோடு முடிவதன்று. பிறவிக் குறைபாடுகள் பல, கருவின் இயல்பான படிநிலைகளுள் ஒன்று கடக்கப்படாமல் நின்றதன் விளைவே என்று மெக்கெல் பொதுமைப்படுத்தினார். எதற்கான தீக்குறி இது என்று கேட்ட இடத்தில், எந்தப் படிநிலையில் வளர்ச்சி நின்றது என்ற வினா எழுந்தது. குறைபாடு இயற்கையின் ஒழுங்கை மீறியதாக அல்லாமல், அவ்வொழுங்கை அறிவதற்கான வாயிலாகக் கருதப்படலாயிற்று.

குடலின் சுழற்சி

கோழிக்கருவிலிருந்து மனிதக் கருவுக்கு வர மேலும் பல பதிற்றாண்டுகள் தேவைப்பட்டன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மால், வெவ்வேறு வயதுடைய மனிதக் கருக்களை மெல்லிய சீவல்களாக்கி, அவற்றிலிருந்து குடலின் வடிவத்தை மீட்டமைத்து 1898இல் வெளியிட்டார். இலண்டனில் ஃபிரேசரும் ராபின்ஸும் 1915இல் குடற்சுழற்சிக்கான காரணிகளைக் கட்டம் கட்டமாக விளக்கினர்.

இவர்கள் வழியாகத் துலங்கிய காட்சி வியப்பிற்குரியது. வேகமாக நீளும் நடுக்குடலுக்குக் கருவின் வயிற்றில் இடம் போதாமையால் ஆறாம் வாரத்தில் அது தொப்புள்கொடிக்குள் வெளியேறுகிறது. மேற்குடல் தமனியை அச்சாகக் கொண்டு சுழன்று, பத்தாம் வார அளவில் மீண்டும் வயிற்றுக்குள் திரும்புகிறது. மொத்தச் சுழற்சி, முன்னிருந்து நோக்கினால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 270 பாகை. அதன்பின் குடல்தாங்கிச் சவ்வு வயிற்றின் பின்சுவரில் அகன்று பற்றுகிறது. அகன்ற இப்பற்றே குடல் தன் அச்சில் முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது.

இக்கருவியல் அறிவை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்தவர் எடின்பரோவைச் சேர்ந்த நார்மன் டாட். பின்னாளில் நரம்பறுவை மருத்துவராகப் புகழ்பெற்ற இவர், 1923இல் குடற்சுழற்சிக் குறைபாடுகளின் கருவியலையும் அறுவைக் கூறுகளையும் ஒரே கட்டுரையில் இணைத்து எழுதினார். சுழற்சி நின்ற கட்டத்தைக் கொண்டு குறைபாடுகள் வகைப்படுத்தப்பட்டன.

லேட்டின் அறுவை முறை

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் வில்லியம் லேட் 1936இல் வெளியிட்ட கட்டுரை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். சுழற்சி நிறைவுறாத குழந்தைகளில் பெருங்குடலின் தொடக்கப்பகுதி வலப்புறம் கீழே இறங்காமல் மேலேயே தங்கிவிடுகிறது. அதனை வயிற்றுச் சுவரோடு இணைக்கும் பட்டைகள் முன்சிறுகுடலின் குறுக்கே சென்று அதனை அழுத்துகின்றன. குடல்தாங்கியின் அடிப்பகுதி குறுகியிருப்பதால் நடுக்குடல் முழுவதும் முறுக்கிக்கொள்ளவும் கூடும். முறுக்கைப் பிரித்தால் மட்டும் போதாது என்பதை லேட் உணர்ந்தார். பட்டைகளை வெட்டி, முன்சிறுகுடலை விடுவித்து, சிறுகுடலை வலப்புறமும் பெருங்குடலை இடப்புறமும் அமைத்தார்.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. லேட்டின் முறை குடலை இயல்பான இடத்திற்குக் கொண்டுசெல்வதில்லை. சுழற்சி தொடராமல் நின்ற கருநிலையையே அது ஒத்திருக்கிறது. கரு விட்ட பணியை அறுவையாளர் முடித்துவைக்க முயல்வதில்லை. முறுக்கும் அடைப்பும் நேராதவாறு, வளர்ச்சியின் முந்தைய படிநிலையில் குடலை இருத்துகிறார். வளர்ச்சியின் வரிசையை அறியாத ஒருவர்க்கு இத்தீர்வு தோன்றியிருக்க வாய்ப்பில்லை. இம்முறை இன்றும் லேட்டின் பெயராலேயே வழங்குகிறது.

கொள்கையின் எல்லை

நின்றுபோன வளர்ச்சி என்னும் விளக்கம் எல்லாக் குறைபாடுகளுக்கும் பொருந்துமா? 1900இல் வியன்னாவின் யூலியஸ் டான்ட்லர், முன்சிறுகுடலின் உட்துளை கருவில் சிறிது காலம் திசுவால் அடைபட்டுப் பின்னர் மீண்டும் திறப்பதைக் கண்டார். அத்துளை திறவாமையே முன்சிறுகுடல் அடைப்புக்குக் காரணம் என்ற கருத்து, சிறுகுடலின் ஏனைய பகுதிகளுக்கும் விரித்துரைக்கப்பட்டது.

ஆனால் கீழ்ச்சிறுகுடல் அடைப்புடைய சில குழந்தைகளில், அடைப்புக்குக் கீழேயுள்ள குடலிலும் பித்தமும் கருவின் மென்மயிரும் காணப்பட்டன. பித்தம் சுரக்கத் தொடங்கிய பின்னரும் குடல் திறந்திருந்தது என்பதே இதன் பொருள். 1955இல் கேப் டவுனின் லோவும் கிறிஸ்டியான் பர்னார்டும், கருப்பையிலிருந்த நாய்க்குட்டிகளின் குடற்குருதிக் குழாய்களைக் கட்டிவிட்டு வளர விட்டனர். குட்டிகள் மனிதக் குழந்தைகளிடம் காணப்படுவது போன்ற குடலடைப்புகளுடன் பிறந்தன. எனவே முறையாக உருவான குடலும் குருதியோட்டம் தடைபட்டால் பின்னர் அழியக் கூடும் என்பது தெளிவாயிற்று. இதனால் அறுவை முறையும் மாறியது. குருதியோட்டம் குறைந்து விரிந்த முனையை அப்படியே இணைக்காமல், அதனை நீக்கிவிட்டு நலமான பகுதிகளை இணைக்கும் முறை வலுப்பெற்றது.

முடிவுரை

ஹாலரும் வொல்ஃபும் விவாதித்தது உயிரின் தோற்றம் குறித்த மெய்யியல் வினாவையே. நோயுற்ற குழந்தை எதுவும் அவர்கள் கண்முன் இல்லை. ஆயினும் வொல்ஃபின் கோழிக்குடல் ஆய்விலிருந்து மெக்கெலின் விளக்கமும், பின்வந்த மனிதக் கருவாய்வுகளிலிருந்து லேட்டின் அறுவையும் பிறந்தன. வொல்ஃபின் ஆய்வுக்கும் லேட்டின் கட்டுரைக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 168 ஆண்டுகள். அதில் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம், அந்த ஆய்வு மொழிபெயர்ப்பின்றிக் கிடந்த காலமாகும்.

இவ்வரலாறு உணர்த்தும் மற்றொன்று, விளக்கங்கள் தம் எல்லையை அறிய வேண்டியதன் தேவை. மெக்கெலின் கொள்கை தாயின்மீது சுமத்தப்பட்ட பழியை நீக்கும் வழியைத் திறந்தது. ஆனால் அதனை எல்லாக் குறைபாடுகளுக்கும் நீட்டியபோது அது உண்மைக் காரணத்தை மறைத்தது. எந்தப் படிநிலையில் வளர்ச்சி நின்றது என்ற வினாவோடு, நின்றதா அன்றி உருவான பின் அழிந்ததா என்ற வினாவும் சேர்ந்தபோதே குடற்குறைபாடுகள் பற்றிய அறிவு, குழந்தையின் உயிரைக் காக்கும் அளவிற்கு முழுமை நோக்கி நகர்ந்தது எனலாம்.