காந்தவால்

பெயர்ச்சொல். காந்தம், வால் இரண்டும் சேர்ந்தது. சூரியக்காற்று பூமியின் காந்தப்புலத்தைப் பகல்பக்கம் நசுக்குகிறது. இரவுப்பக்கம் அப்புலம் நிலவின் பாதையையும் தாண்டி நீள்கிறது. அந்த நீட்சிக்கே இப்பெயர். இதைவிடப் பொருத்தமான தமிழ்ப்பெயர் தேவையில்லை.

வாலுக்குள் இருப்பது பிளாஸ்மா, அதாவது மின்னேறிய வாயு. கிரேக்கத்தில் ‘வார்த்தெடுத்தது’ என்று பொருள்படும் இச்சொல் குருதிநீருக்கு முன்பே வழங்கியது. 1928-இல் இர்விங் லாங்மியூர் வாயுவுக்கும் சூட்டினார்.

பௌர்ணமியை ஒட்டி ஏறத்தாழ ஆறு நாள் நிலவு இவ்வாலுக்குள் இருக்கும். விடியலில் கல்வராயன் மலைப்பக்கம் இறங்கும் முழுநிலாவைக் கருணாபுரத்திலிருந்து பார்ப்பவர் காண்பதும் வாலுக்குள் இருக்கும் நிலவைத்தான். நிலவின் தனிமங்களைத் தேடச் சென்ற சந்திரயான்-2இன் ‘கிளாஸ்’ எக்ஸ்-கதிர்க் கருவி, 2019 செப்டம்பரில் அங்கே மின்னேறிய துகள்களையும் அவற்றின் ஏற்ற இறக்கத்தையும் பதிவுசெய்தது.