வேலியோரத்துக் காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். ஆனால் மல்லிகை போல அதை வீட்டு வாசலில் நட்டு வளர்ப்பவர்கள் அபூர்வம். காரணம் எளிது. அது நஞ்சு.

சங்க காலத்தில் இந்தப் பூவுக்கு இருந்த மதிப்பே வேறு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களின் நீண்ட பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. பெண்களின் விரல்களுக்கு உவமை தேடிய புலவர்களுக்கும் இதுவே கிடைத்தது. ஊர்மக்கள் வைத்த பெயர்களில் அந்த அழகு இல்லை. பார்த்தாலே கண் வலிக்கும் என்று நம்பியதால் கண்வலிப்பூ. கிழங்கு கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு. கண் வலிக்குமோ இல்லையோ, பயம் மட்டும் வீண் அல்ல. செடி முழுவதும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் சமைத்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கார்த்திகை மழையில் வேலியோரம் தானாகப் பூத்து, கோடையில் மண்ணுக்குள் உறங்கும் இந்தக் கொடியை யாரும் தோட்டத்துக்குள் அழைக்கவில்லை.

அழைத்தது மருந்து வணிகம். 1820இல் பிரான்சில் பெல்லட்டியே, கவாந்து என்ற இருவர் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து இதே நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். அளவோடு கொடுத்தால் கௌட் எனும் மூட்டுவலிக்கு மருந்து. காந்தளிலும் அது இருப்பது தெரிந்தபின் காட்டுக்கிழங்குக்கு விலை வந்தது. தோண்டத் தோண்ட காட்டில் குறைந்தும் போனது. இன்று மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கங்களில் அது வயல் பயிர். முள்கிளுவையில் கொடியை ஏற்றி விடுகிறார்கள். சூலகத்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் ஒவ்வொரு பூவாக மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்க வேண்டும். கவிஞர்கள் விரலைப் பூ என்றார்கள். இங்கே பூவுக்கே விரல் தேவைப்படுகிறது!

விதைதான் பணம். பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகிறது, இடைத்தரகர் வழியாக. கணக்கு இங்கேதான் இடிக்கிறது. 2009இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இந்தப் பழைய மருந்துக்கு முறையான அனுமதியும் சில ஆண்டுத் தனியுரிமையும் பெற்றது. 9 சென்ட் அளவில் விற்ற மாத்திரை 4.85 டாலர் ஆனது. அந்த உயர்வு விதைக்காக வந்தது அல்ல, உரிமைக்காக வந்தது. மூலனூர் விவசாயி விதை விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாமலேயே நடவுக்கிழங்குக்குப் பெரும் முதலைப் போடுகிறார்.